கைப்பிடிச் சுவர்

புது வீடு கட்டுகிறவன் அதன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும்; எழுப்பாமல் விட்டு, ஒருவன் விழுந்து மாண்டால், இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்கிறது இணைச்சட்ட நூல் (22:8). பலியையும் வழிபாட்டையும் பற்றிப் பேசும் அதே நூல் மொட்டைமாடிச் சுவரைப் பற்றியும் பேசுகிறது. தள்ளியவனைப் போலவே தடுக்கத் தவறியவனும் கடவுள்முன் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

கல்விக்கூடங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் இச்சுவரைக் காப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டோர் உள்ளனர். ஆய்வுக்கூடத்து நச்சுக்காற்றை வெளியேற்றும் விசிறி சுழல்கிறதா, தீயணைப்புக் கருவியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, சேரக்கூடாத வேதிப்பொருள்கள் ஒரே அலமாரியில் உள்ளனவா என்று பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் இவர்கள். எதுவும் நிகழாதிருப்பதே இவர்களது வெற்றி. நிகழாத ஒன்றுக்கு நன்றி சொல்வார் யார்?

சட்டத்தை நிறைவேற்றினால் போதாதா எனச் சிலர் வினவலாம். 1958 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் சிக்காகோ நகரில், வானதூதர்களின் அன்னையின் பெயர் தாங்கிய பங்குப் பள்ளியில் தீப்பற்றியது. அடித்தளப் படிக்கட்டருகே எழுந்த தீயும் புகையும், தடுப்புக் கதவு இல்லாத மாடி நடைவழியை நிரப்பின. 92 குழந்தைகளும் 3 அருட்சகோதரிகளும் மாண்டனர். சில வாரங்களுக்கு முன்புதான் அப்பள்ளி அதிகாரிகளின் ஆய்வில் தேறியிருந்தது. பழைய கட்டடம் என்பதால் புதிய விதிகளிலிருந்து அதற்கு விலக்கும் இருந்தது. சட்டம் அளித்த விலக்கைத் தீ மதிக்கவில்லை.

நாம் தாளாளராய் இருந்த பள்ளி ஒன்றில், பிள்ளைகள் வெளியே ஓடாதிருக்கப் பின்புறப் படிக்கட்டின் கதவைப் பூட்டி வைத்திருந்தோம். கட்டடத்தைக் கவனித்துவந்த முதியவர், "சாமி, அந்தப் பூட்ட எடுத்துடலாம் சாமி" என்று மூன்று முறை கேட்டார். இருமுறை "பார்க்கலாம்" என்றோம். மூன்றாம் முறை சினந்தோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், சமையற்கூடத்துத் தீ பள்ளியின் கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அச்செய்தி வந்த மாலையில்தான் நம் பூட்டைத் திறந்தோம்.

நம் பள்ளியில் தீப்பற்றவில்லை. அதனால் நாம் குற்றமற்றவர் ஆவோமா? விளைவு நேரவில்லை என்பது இறைவனின் இரக்கம். அது நமது புண்ணியம் அன்று. திருப்பலியின் தொடக்கத்தில் கடமையில் தவறியதையும் அறிக்கையிட்டு மார்பில் தட்டுகிறோம். நம்முள் எத்தனை பேர் அந்நேரம் ஒரு பூட்டையோ, பழுதான மின்கம்பியையோ நினைக்கிறோம்?

நல்ல சமாரியர் அடிபட்டவனுக்குக் காயம் கட்டினார். அடிபடாமல் காப்பவரும் அயலாரை அன்பு செய்கிறவரே. அம்முதியவர் இன்று உயிரோடில்லை. அவருக்கு நாம் நன்றி சொன்னதுமில்லை. வாசக அன்பர்களே, உங்கள் பங்கிலும் பள்ளியிலும் அத்தகைய ஒருவர் இருப்பார். அவர் மூன்றாம் முறை கேட்கும்வரை காத்திராதீர்கள்.