போதையில் விழுந்தவரை ஒதுக்குவதா, மீட்பதா?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே!

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் நம் ஊர்களுக்கே சந்தோஷம். ஆனால் சீசன் நாட்களில் ஐந்தருவிப் பக்கம் போய் வருபவர்களுக்குத் தெரியும், பாறை இடுக்கில் எத்தனை மதுப்பாட்டில்கள் கிடக்கின்றன என்று. பாட்டிலாவது கண்ணில் படும். கஞ்சாவும் போதை மாத்திரையும் சட்டைப் பையில் அடங்கிவிடும். வீட்டுக்குத் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

சென்ற வாரம் இஷாவுக்குப் பிறகு ஒரு சகோதரர் சொன்னார்: "ஹஜ்ரத், கஞ்சா அடிக்கிற பையனோட நிகாஹுக்கு ஜமாஅத்துல தஃப்தர் கொடுக்கக் கூடாதுன்னு தீர்மானம் போடணும். அப்பதான் பயம் வரும்." அவருடைய கோபம் நியாயமானது. போதை தரும் ஒவ்வொன்றும் ஹராம் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் விழுந்தவரை என்ன செய்வது என்ற கேள்விக்கும் மார்க்கத்தில் பதில் இருக்கிறது.

நபியவர்கள் தடுத்த சாபம்

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்றொரு தோழர் இருந்தார். நபியவர்களைச் சிரிக்க வைப்பவர். மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்டவர். மறுபடியும் அதே குற்றத்துக்காகக் கொண்டுவரப்பட்டபோது, அங்கிருந்த ஒருவர் அவரைச் சபித்தார். நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். இது புகாரியில் பதிவான செய்தி. தண்டனை விலக்கப்படவில்லை, ஆனாலும் சபையிலிருந்து அந்த மனிதர் தூக்கி எறியப்படவில்லை.

அதே நபியவர்கள்தான் மதுவைத் தயாரிப்பவர், சுமந்து செல்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் என்று சங்கிலி முழுவதையும் சபித்திருக்கிறார்கள். சீசனில் வாடகைக்கு அறை விடும் சகோதரர்களே, அங்கே நடப்பது தெரிந்தும் வாடகையை எண்ணி வாங்குவது இந்தச் சங்கிலியில் சேராதா? யோசியுங்கள்.

சட்டமும் உள்ளமும்

மது ஒரே நாளில் தடுக்கப்படவில்லை. அதில் பலனைவிடப் பாவமே பெரிது என்று முதலில் சொல்லப்பட்டது (2:219). போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்று பிறகு சொல்லப்பட்டது (4:43). முழுத் தடை அதற்குப் பின்னரே வந்தது (5:90). அப்போது உள்ளங்கள் பக்குவப்பட்டிருந்ததால் மதீனாவின் தெருக்களில் மக்களே மதுவைக் கொட்டினார்கள்.

நம் மாநிலத்தைப் பாருங்கள். 1937ல் சேலத்தில் மதுவிலக்கு தொடங்கியது, 1971ல் தளர்த்தப்பட்டது, 2003 முதல் அரசின் டாஸ்மாக்கே சில்லறையில் விற்கிறது. கடை திறந்திருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஒரு கையால் மது விற்றுக்கொண்டு, மறு கையால் மாணவர்களிடம் போதை ஒழிப்பு உறுதிமொழி வாங்குவது எப்படிப் பலன் தரும்? அரசிடம் இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நம் வீட்டைக் கவனிக்கும் கடமையும் உண்டு.

என் தவறு

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் மகனுக்காக அழுதுகொண்டு வந்தார். நான் ஓதி ஊதித் தண்ணீர் கொடுத்து, "தொழச் சொல்லும்மா, துஆ செய்றேன்" என்று அனுப்பிவிட்டேன். "டாக்டரிடம் கூட்டிப் போ" என்று சொல்லவில்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்று அவர் மாதக்கணக்கில் மறைத்தார். அதற்குள் அவருடைய நகையும் மகனுடைய படிப்பும் போய்விட்டன. நோய்க்கு மருத்துவம் செய்யுங்கள் என்று நபியவர்கள் சொன்னதை அன்று நான் மறந்தேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

பெற்றோர்களே! 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையாகி, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ வழக்கில் சிக்கியவர், அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்கான வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். மொத்தமாகக் கடத்துபவருக்கோ பத்து வருடத்துக்குக் குறையாத சிறை. வியாபாரி வேறு, நோயாளி வேறு என்று சட்டமே பிரித்துப் பார்க்கிறது. 14446 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது.

அப்படியானால் தஃப்தர்? "கல்யாணம் பண்ணி வச்சா திருந்திடுவான்" என்று மறைத்து முடிப்பது பெண் வீட்டாருக்குச் செய்யும் மோசடி. ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்பது நபிமொழி. ஆகவே உண்மையைச் சொல்லுங்கள். குணமாகும்வரை நிகாஹைத் தள்ளிப் போடுங்கள். ஆனால் ஜமாஅத் கதவை மூடித் தீர்மானம் போட்டால், நாளை எந்தத் தாயும் பள்ளிவாசலுக்கு வந்து வாய் திறக்க மாட்டார். பையன் போய்ச் சேருமிடம் விற்பவனுடைய வாசலாக இருக்கும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைப் போதையிலிருந்து காப்பாயாக! விழுந்தவர்களுக்குத் தவ்பாவையும் ஷிஃபாவையும் தருவாயாக! அவர்களைக் கைதூக்கிவிடும் நற்பாக்கியத்தை எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன்.