நாற்பது ஏக்கரில் ஒரு மான்

'ஸைத்' என்னும் அரபுச் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வேட்டையாடும் செயலும் ஸைத்; வேட்டையாடப்படும் பிராணியும் ஸைத். தமிழிலோ வேட்டையும் வேட்கையும் உறவுடைய சொற்கள். அரபுச் சொல் விலங்கைச் சுட்டுகிறது. தமிழ்ச் சொல் அதைத் துரத்துபவனின் நெஞ்சைச் சுட்டுகிறது. விலங்கைப் பற்றிய சட்டத்தையும் நெஞ்சைப் பற்றிய அறத்தையும் சேர்த்துப் பார்த்தாலன்றி வேட்டை பற்றிய எந்தக் கேள்விக்கும் முழு விடை கிடைக்காது.

மதரஸாவில் ஃபிக்ஹு நூல்களின் வேட்டைப் பாடத்தை நடத்தும்போது மாணவர் சிலர் கேட்பதுண்டு: "உஸ்தாது, நம்மில் எவரும் வேட்டைக்குப் போவதில்லை. மானைக் கொல்வது நம் நாட்டுச் சட்டப்படி குற்றமும்கூட. பிறகு இந்தப் பாடம் எதற்கு?" நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண, வேட்டை இன்றும் குடும்ப வழக்கமாக நிலவும் அமெரிக்க நாட்டுப்புறத்தைச் சற்றே நோக்குவோம்.

அந்நாட்டின் பெரும்பகுதியில் நிலத்தைச் சதுர மைல்களாக அளந்து பிரித்திருக்கிறார்கள். ஒரு சதுர மைல் 640 ஏக்கர். அதன் பதினாறில் ஒரு பங்கு 40 ஏக்கர். சிறு நிலக்காரர் பலரிடம் இருப்பது இந்த நாற்பதுதான். அங்கு மிகுதியாக வாழும் வெள்ளைவால் மானோ, ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்பில் நடமாடக்கூடியது. இடத்திற்கேற்ப இது கூடும், குறையும். ஆக, ஒருவர் தம் நிலத்தில் காணும் மான் இரவில் அண்டை வயலில் மேய்கிறது. பகலில் வேறொருவர் புதரில் படுக்கிறது. இத்தகைய சிறு நிலத்தில் வெற்றியாக மான் வேட்டையாடுவது எப்படி?

அனுபவமுள்ளவர்களின் விடை வியப்பானது: குறைவாக வேட்டையாடு என்பதே அது. மானின் மோப்ப சக்தி மிகக் கூர்மையானது. ஆர்வமிகுதியால் நாள்தோறும் நிலமெங்கும் திரிபவனின் வாடை புல்லிலும் புதரிலும் தங்கிவிடுகிறது. மான் அண்டை நிலத்திற்கு ஒதுங்கும். அல்லது இருட்டிய பிறகே வெளிவரும். விவரமறிந்தவனோ நிலத்தின் அடர்ந்த பகுதியை மானுக்கே விட்டுவிட்டு அங்கே காலடி வைப்பதில்லை. படுக்கும் இடத்திற்கும் மேயும் இடத்திற்கும் இடைப்பட்ட தடத்தின் ஓரத்தில், மரத்தின் மீது பரண் அமைக்கிறான். தன்னிடமிருந்து அத்தடத்தை நோக்கிக் காற்று வீசும் நாளில் வீட்டிலேயே இருந்துவிடுகிறான். போகும் வழியும் திரும்பும் வழியும் மானின் பாதையில் குறுக்கிடாதவாறு பார்த்துக்கொள்கிறான். வட மாநிலங்களில் மான்கள் இணைசேரும் நவம்பர் மாதத்திற்காகத் தன் சிறந்த பரணை ஓய்வாக வைத்திருக்கிறான். பெரிய காட்டில் ஓரிடம் கெட்டால் வேறிடம் உண்டு. நாற்பது ஏக்கரில் ஒரு தவற்றுக்கு முழு நிலமும் விலையாகிவிடும்.

ஆனால், இந்த அடக்கத்தையே அறம் என்று எண்ணிவிடலாகாது. கொக்கும் ஒற்றைக் காலில் அசையாது நிற்கத்தான் செய்கிறது. அதனைத் தவம் என்பாரில்லை. தந்திரத்திற்காகப் பொறுப்பது வேறு; தக்கதல்ல என்பதற்காகப் பொறுப்பது வேறு. இரண்டும் பிரியும் கணம் ஒன்று வரும்.

மாலை மங்குகிறது. நிலத்தின் எல்லையில், குறி உறுதிப்படாத தொலைவில், ஒரு கலைமான் நிற்கிறது. இன்னும் பத்தடி நடந்தால் அது வேலியைக் கடந்துவிடும். அப்போது நெஞ்சு சொல்கிறது: "நான் விட்டாலும் அடுத்த நிலத்துக்காரன் விடமாட்டான்." சிறு நிலத்தின் பெரும் சோதனை இந்த வாக்கியம்தான். அண்டை வீட்டான் செய்யக்கூடும் என்று நாம் கற்பனை செய்த குற்றம், நாம் செய்யப்போகும் குற்றத்திற்கு அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. அவனும் தன் பரணில் அமர்ந்து நம்மைப் பற்றி இதையே சொல்லிக்கொண்டிருக்கிறான்!

இதில் ஒளிந்திருக்கும் பிழை என்ன? அந்த மான் ஏற்கனவே தன்னுடையது என்றும், அண்டை நிலத்தான் அதைப் பறிக்கப்போகிறான் என்றும் நெஞ்சு எண்ணுவதுதான். ஹனஃபி ஃபிக்ஹு நூலாகிய 'ஹிதாயா' இதற்குத் தெளிவான சட்டம் கூறுகிறது. ஒருவர் நிலத்தில் பறவை குஞ்சு பொரித்தாலும், மான் வந்து ஒதுங்கினாலும், அதனாலேயே அது நிலக்காரருக்குச் சொந்தமாவதில்லை; பிடித்தவருக்கே உரியது. பிடிப்பதற்கென்றே ஆயத்தம் செய்த நிலமாயின் நிலை வேறு. அமெரிக்கச் சட்டமும் வன விலங்கை நிலக்காரரின் உடைமையாகக் கருதுவதில்லை. பொதுமக்கள் சார்பாக அரசு காக்கும் செல்வமாகக் கொண்டு, பொதுவாக உரிமம் பெற்றோரையே வேட்டைக்கு அனுமதிக்கிறது. நம்முடையதாகாத ஒன்றை எவரும் நம்மிடமிருந்து திருட முடியாது. இதை உணர்ந்தவனுக்கு அவசரம் தணியும்.

அவசரத்தில் விட்ட குறி கொல்லாமல் காயப்படுத்தினால் என்னாகும்? அடிபட்ட மானை உடனே துரத்தினால் அது எழுந்து மேலும் ஓடும் என்பதால், அரை மணி நேரமேனும், வயிற்றில் பட்டிருந்தால் பல மணி நேரமும் காத்திருந்தே தேடவேண்டும் என்பர். நாற்பது ஏக்கரில் அந்த ஓட்டம் விரைவில் வேலியைத் தாண்டிவிடும். பல மாநிலங்களில் அண்டை நிலக்காரரின் இசைவின்றி அங்கே நுழைய முடியாது. எவனைப் போட்டியாளனாக எண்ணினோமோ அவனுடைய வாசலிலேயே போய் நிற்கவேண்டும்! வேட்டைப் பருவம் தொடங்குமுன்பே அவனிடம் பேசி இசைவு பெற்று வைப்பவனே அறிவாளி.

அம்பு பட்டு மறைந்த பிராணியைப் பற்றி அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விளக்கம் நினைவுகூரத்தக்கது. ஓரிரு நாள் கழித்துக் கிடைத்தாலும், தம் அம்பின் தடத்தைத் தவிர வேறொன்றும் அதில் இல்லையெனில் உண்ணலாம். நீரில் விழுந்து கிடந்தால் உண்ணலாகாது என்பது அதன் கருத்து. கொன்றது அம்பா, நீரா என்ற ஐயம் அங்கே எழுகிறது. ஐயத்திற்கிடமான இறைச்சியையே விலக்கும் மார்க்கம், ஐயத்திற்கிடமான குறியை எவ்வாறு விரும்பும்? கொல்லும்போதும் செம்மையாகக் கொல்லவேண்டும் என்பதன்றோ அண்ணலாரின் அறிவுரை!

கொல்வதே தகுமா என்று கேட்போரும் உண்டு. விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் வேட்டை விலங்குப் பராமரிப்பைக் கற்பித்த ஆல்டோ லியோபோல்ட் என்ற அறிஞர், ஓநாய்கள் குறைந்தால் மான்கள் பெருகும், அதுவே வேட்டைக்காரரின் சொர்க்கம் என்று இளமையில் நம்பி ஓநாயைச் சுட்டவர். ஓநாய்கள் அழிந்த மலைகளில் மான்கள் இளங்கன்றுகளையெல்லாம் தின்று தீர்த்து, பின்னர்த் தாமும் பட்டினியால் மடிந்ததைக் கண்டு மனம் மாறினார். ஓநாய் அற்றுப்போன இடத்தில் மனிதன் அளவோடு வேட்டையாடுவது காட்டிற்கும் மானுக்கும் நன்மையாகலாம். அளவு என்பதே அதில் முக்கியம். கொம்புக்காகக் கலைமானை மட்டும் கொல்வது அந்த அளவைக் காக்காது. பெருக்கத்தைத் தணிக்கப் பிணைமான்களையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

1935-இல் அதே லியோபோல்ட் விஸ்கான்ஸினில் வளமிழந்த ஒரு சிறு பண்ணையை வாங்கி மரம் நட்டு வளர்த்தார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1949-இல், வெளிவந்த அவருடைய நூலில் ஒரு கருத்து உண்டு: வேட்டைக்காரனின் செயலைப் பாராட்டவோ பழிக்கவோ பார்வையாளர் கூட்டம் இல்லை, அவன் மனச்சாட்சியே அவனுக்கு நடுவர்.

இதைப் படித்தபோது திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் ஒரு வசனம் என் நினைவுக்கு வந்தது. இஹ்ராம் அணிந்தோருக்கு வேட்டை விலக்கப்பட்ட வேளையில், அவர்களுடைய கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு இறைவன் சோதிப்பான் என்றும், மறைவிலும் தன்னை அஞ்சுபவர் யார் என்பதை அச்சோதனை வெளிப்படுத்தும் என்றும் அவ்வசனம் உணர்த்துகிறது. விரிவுரையாளர் சிலர் இதனை ஹுதைபிய்யா ஆண்டு நிகழ்ச்சியோடு இணைத்துரைப்பர். தொலைவில் ஓடும் மான் நம் திறமையைச் சோதிக்கிறது. கைக்கெட்டும் மான் நம்மையே சோதிக்கிறது.

மாணவர்களின் கேள்விக்கு என் விடை இதுதான். நம்மிடம் பரணும் இல்லை, நாற்பது ஏக்கரும் இல்லை. ஆயினும் கைக்கெட்டும் தூரத்தில், எவரும் காணாத வேளையில், "நான் விட்டாலும் மற்றவன் விடமாட்டான்" என்ற குரலோடு வந்து நிற்கும் பொருள்கள் நம் கடையிலும் அலுவலகத்திலும் வீட்டிலும் எத்தனை! அவற்றின் முன் கையை நிறுத்தப் பழகுவதற்காகவே வேட்டைப் பாடத்தைப் படிக்கிறோம்.