குட்வில் யாருக்குச் சொந்தம்?

பத்தாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு மனிதரை இரண்டு நாள் பட்டினி போட்டேன். இதைப் பாவக் கணக்கில் எழுதுவதா, புண்ணியக் கணக்கில் எழுதுவதா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. தெருமுனையில் ஒரு சின்ன அம்மன் கோயில். வடிவுடையம்மன் பெரிய வீட்டுக்காரி என்றால், எங்கள் அம்மன் அந்த வீட்டு வாசலில் ஒண்டுக் குடித்தனம். ஆடியில் கூழ் ஊற்றுவோம். அன்றைக்கு ராத்திரி பாட்டுக் கச்சேரி.

தொண்ணூறுகளில் அந்தக் கச்சேரி பத்து மணிக்குத்தான் சூடு பிடிக்கும். பால் வண்டி வரும்போது முடியும். 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்தன. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்றார்கள். இப்போது ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதே முக்காலுக்கு மங்களம் பாடிவிடுகிறோம். குழந்தைகளும் வயசானவர்களும் தூங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் விடிய விடியப் பாட்டுக் கேட்டு, கண் சிவந்து, காலேஜுக்குப் போய்த் தூங்கிய ஒரு தலைமுறை இருந்தது. அதில் நானும் ஒருவன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஏரியாவுக்கென்று ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. ஒன்பது பேர். எல்லோரும் ஃபேக்டரிக்காரர்கள். திருவொற்றியூரைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே! தீப்பெட்டிக்கு விம்கோ. 1946-ல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்த எம்.ஆர்.எஃப். 1955-லிருந்து புல்லட். அந்தப் பக்கம் எண்ணூரில் லாரிக்கு அசோக் லேலண்ட். பகலெல்லாம் சத்தத்தில் வேலை செய்தவர்கள் ராத்திரியில் சத்தத்தைச் சுருதியில் சேர்த்தார்கள். ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்து நின்றால், பக்கத்து வீட்டு அண்ணனே வேற ஆள் மாதிரி தெரிவார்.

நான் பாடவும் மாட்டேன், வாசிக்கவும் மாட்டேன். பி.காம். படிக்கிற பையன் என்று குழுவின் கணக்கு நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

1999. ஒரு கல்யாணக் கச்சேரிக்கு மூவாயிரம் ரூபாய் அட்வான்ஸ். 'கீபோர்டு அண்ணன் கையில்' என்று யாரோ சொன்னார்கள். நான் எழுதினேன். கீபோர்டு அண்ணனோ, 'சவுண்ட் செட்காரன்கிட்ட அப்பவே குடுத்துட்டேன்' என்றார். சவுண்ட் செட்காரர் இல்லை என்றார். ரசீது கிடையாது. பாட்டுக்கார அண்ணன் நோட்டைக் காட்டி, 'எழுதியிருக்குல்ல?' என்றார். 'எழுதினவன் பார்த்தானா?' என்றார் கீபோர்டு அண்ணன். நான் பார்க்கவில்லை. வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே என்பது எங்களுக்கு முதல் வருஷப் பாடம். பரீட்சையில் எழுதினேன். வாழ்க்கையில் கோட்டை விட்டேன்.

குழு உடைந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரே ஊரில் இருந்துகொண்டு இரண்டு பேரும் பேசவில்லை.

போன ஆடிக்கு, விழாக் கமிட்டியில் ஒருவர், 'பழைய குழுவைச் சேர்த்தா என்ன?' என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் ஆசை வந்தது. பாட்டுக்கார அண்ணன் வீட்டுக்கு மூன்று தடவை அலைந்தேன். அறுபத்திரண்டு வயசு. 'வேணாம் தம்பி, தொண்டை போயிடுச்சு' என்றார். நான் விடவில்லை. என் பங்காகப் பத்தாயிரம் போட்டேன். 'உங்க குரலைக் கேக்கணும்னு தெருவே காத்திருக்கு அண்ணே' என்று ஒரு பொய்யும் சொன்னேன். தெருவில் பாதிப் பேர் புதுசாகக் குடிவந்தவர்கள். அவரை யாருக்குத் தெரியும்? காத்திருந்தது நான் ஒருத்தன்தான்.

கச்சேரி அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். 'ரெண்டு நாளா சோறு எறங்கல அவருக்கு. பயத்துல ராத்திரி எழுந்து உக்காந்துக்குறாரு. எதுக்கு தம்பி இதெல்லாம்?'

எதுக்கு? அதுதான் இந்த வாரக் கேள்வி.

இது எங்கள் தெருக் கேள்வி மட்டும் இல்லை. உலகமே இப்போது பழைய குழுக்களை ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் ஒயாசிஸ் என்ற ராக் குழு. அண்ணன் தம்பி சண்டையில் 2009-ல் உடைந்தது. 2025 ஜூலையில் கார்டிஃப் நகரத்தில் மறுபடி ஒரே மேடையில் நின்றார்கள். ஸ்வீடனின் அப்பா குழு இன்னும் கெட்டிக்காரத்தனம். 2022-ல் லண்டனில் ஒரு ஷோ ஆரம்பித்தார்கள். மேடையில் பாடுவது அவர்கள் இல்லை. கம்ப்யூட்டரில் செய்த அவர்களுடைய இளமைக்கால உருவங்கள். அசல் ஆட்கள் எழுபதைத் தாண்டி வீட்டில் நிம்மதியாக இருக்கலாம். யாருக்கும் தொண்டை போகாது. யாருக்கும் சோறு இறங்காமல் போகாது.

இதுதான் நமக்கு வேணுமா? யோசித்துப் பாருங்கள். அந்த உருவங்களே போதும் என்றால், நாம் தேடிப்போவது அந்த மனிதர்களை இல்லை. நம்முடைய இருபது வயதை.

நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன். அறுபதுகளில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் வாசித்தவர் இளையராஜா. அவருடைய சகோதரர்கள் பாஸ்கரும் கங்கை அமரனும்கூட இருந்தார்கள். சினிமாவுக்கு முந்தைய சிநேகம். 2017-ல் எஸ்.பி.பி. அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, அனுமதி இல்லாமல் என் பாடல்களைப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. பாட்டு யாருக்குச் சொந்தம், மெட்டுப் போட்டவருக்கா, பாடியவருக்கா? சட்டப்படி இளையராஜா கேட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். படைத்தவனுக்கு உரிமை வேண்டும்தான். ஆனாலும் கேட்டபோது ஏதோ ஒன்று நெஞ்சில் இடறியது.

2019 ஜூனில் இளையராஜாவின் பிறந்த நாளையொட்டிச் சென்னையில் நடந்த கச்சேரியில் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். 2020 செப்டம்பர் 25-ல் எஸ்.பி.பி. போய்விட்டார். இடையில் இருந்தது பதினாறு மாதத்துக்கும் குறைவு. அந்த மேடை நடக்காமல் போயிருந்தால்? எனக்கு நினைக்கவே பிடிக்கவில்லை.

இங்கே என் பி.காம். புத்தி ஒன்று சொல்கிறது. ஒரு கூட்டாண்மை நிறுவனம் கலைந்தால் மேசை, நாற்காலியைப் பிரித்துவிடலாம். கடனைக்கூடப் பங்கு போடலாம். 'குட்வில்' என்று ஒரு ஐட்டம் இருக்கிறது பாருங்கள், நற்பெயர், அதுதான் தகராறு. நம் 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டமே அதை நிறுவனத்தின் சொத்து என்கிறது. அப்படியென்றால் ஒரு பாட்டுக் குழுவின் குட்வில் எங்கே இருக்கிறது? பாடினவரிடமா, வாசித்தவரிடமா? இரண்டும் இல்லை. கேட்டவன் நெஞ்சில் இருக்கிறது. அதனால் கேட்டவன் தன்னையும் ஒரு பார்ட்னர் என்று நினைத்துக்கொள்கிறான். 'நீங்க சேரணும்' என்று உரிமையோடு கேட்கிறான். முதல் போடாத பார்ட்னர்! நஷ்டத்தில் பங்கு கேட்டால் மட்டும் வீட்டுக்குப் போய்விடுவான்.

உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும் என்பார்கள். 1987-ல் பெங்களூரில் தன் கடைசி டெஸ்டில் 96 அடித்துவிட்டுப் போனார் கவாஸ்கர். அழகுதான். அதற்கு நேர் எதிராக, செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறைத் தொட்ட வயதிலும் மேடை ஏறினார். குரல் ஒத்துழைக்காத இடத்தை ஞானத்தால் கடந்தார். ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சங்கீதக்காரருக்கு நரை வந்தால் மரியாதை கூடுகிறது. மெல்லிசைக்காரருக்கு நரை வந்தால் 'பாவம், விட்டுடலாம்ல' என்கிறோம். ஏன்?

எனக்குத் தோன்றுவது இது. சங்கீதக்காரர் இன்றைக்குப் பாடுவதை இன்றைக்கு உண்டாக்குகிறார். மெல்லிசைக்காரரை நாம் கேசட்டோடு ஒத்துப் பார்க்கிறோம். கேசட்டுக்கு வயசாவதில்லை. அவருக்கு ஆகிறது. தோற்கிற போட்டிக்குக் கூப்பிட்டுவிட்டு, தோற்றார் என்று சிரிக்கிறோம். இதில் கலைஞரின் தப்பு எங்கே இருக்கிறது?

புல்லட் ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள். பழைய இன்ஜினை மாற்றிப் புது இன்ஜின் வைத்தபோது, 'வண்டி நல்லாதான் ஓடுது, ஆனா அந்தச் சத்தம் இல்லையே' என்று அழாத குறை. பழைய சத்தம் மேல் அவ்வளவு பாசம் நமக்கு. அந்தப் புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர். பக்கத்திலேயே பர்மிங்காம். அதுவும் நம்மைப் போல ஃபேக்டரி ஊர்தான். அங்கே ஒரு தகர ஃபேக்டரியில் வேலை பார்த்த டோனி ஐயோமி என்ற பதினேழு வயதுப் பையனுக்கு மெஷினில் இரண்டு விரல் நுனி போனது. கிடார் வாசிக்கிறவனுக்கு விரல்! பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டான். தந்தி அழுத்தினால் வலிக்கிறது என்று பின்னால் தந்திகளைத் தளர்த்தினான். சுருதி இறங்கியது. சத்தம் கனத்தது. பிளாக் சாபத் குழுவின் அடையாளமே அந்தக் கனம்தான்.

அந்தக் குழுவின் அசல் நால்வரும் 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் கடைசியாக ஒன்று சேர்ந்தார்கள். பாடகர் ஆசி ஆஸ்போர்னுக்கு வயது 76. பார்க்கின்சன் நோய். நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். பதினேழாவது நாள் இறந்துபோனார். அன்றைக்கு அவர் எப்படிப் பாடினார் என்பதா கேள்வி? விடைபெற வந்தவனிடம் சுருதிப் பெட்டியை நீட்டக் கூடாது.

ஆனால், பழைய நினைப்பு ஆபத்தானது என்பதையும் எங்கள் ஊர்தான் சொல்லிக்கொடுத்தது. சுந்தரர் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்தாரே, உன்னைப் பிரிய மாட்டேன் என்று? வசந்த காலம் வந்தது. திருவாரூரில் பரவையாரின் ஆடலும் பாடலும் நினைவுக்கு வந்தன. கிளம்பிவிட்டார். ஊர் எல்லை தாண்டியதும் கண் போனது. பழைய கச்சேரி நினைப்பில் இருக்கிறவனுக்கு எதிரில் இருப்பது தெரியாது. எனக்கும் தெரியவில்லை. எனக்கு என் இருபது வயசு தெரிந்தது. அண்ணன் சாப்பிடாதது தெரியவில்லை.

சரி, கச்சேரிக்கு வருகிறேன். டிரம்மர் அண்ணன் இப்போது இல்லை. அவர் மகன் ரிதம் பேடோடு வந்திருந்தான். முன்னே தபேலா, டோலக், காங்கோ என்று நாலு பேர் செய்ததை அவன் ஒருத்தன் இரண்டு குச்சியில் செய்தான். பாட்டுக்கார அண்ணனும் கீபோர்டு அண்ணனும் மேடையின் இரண்டு ஓரம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

முதல் இரண்டு பாட்டு ஓடிவிட்டது. மூன்றாவதில் மேலே போகிற இடம். அண்ணன் நின்றார். பாட்டும் நின்றது. என் பக்கத்தில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே செல்போனைத் தூக்கினான். அண்ணன் மைக்கில் சாதாரணமாகச் சொன்னார்: 'இது முன்ன எனக்கு வரும். இப்ப வரல. அடுத்த பாட்டுக்குப் போலாம்.' அவ்வளவுதான். அசடும் வழியவில்லை, அழவும் இல்லை. பையன் போனை இறக்கிவிட்டான்.

அதற்குப் பிறகு அவர் ஏழு பாட்டுப் பாடினார். ஒன்றிலும் திணறவில்லை. எப்படி என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மூவாயிரம் ரூபாய் என்ட்ரியைப் பற்றிச் சொன்னேன். 'நான் பார்க்காமதான் எழுதினேன் அண்ணே. தப்பு என்னுது' என்றேன்.

'தெரியும். அப்பவே தெரியும்' என்றார். 'சண்டை போடணும்னு இருந்தோம், போட்டோம். நீ ஒரு சாக்கு.'

'இப்ப அவரோட பேசினீங்களா? கணக்கு தீர்ந்துதா?'

'எங்க தீர்றது? அவன் ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. பாட்டு நின்னுச்சு பார், அப்ப மேடையில பக்கத்துல வந்தான். இன்னா கட்டைன்னு கேட்டான். முன்ன நாலு கட்டை பாடுவேன். இப்ப ரெண்டரைன்னேன். ஒரு பட்டனைத் தட்டினான். வாசிச்சான். அவ்ளோதான்.'

மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். பிறகு தலை நிமிராமல், 'அடுத்த ஆடிக்கும் சொல்லு. ஆனா மூணு நாள் முன்னாடி சொல்லாத. அன்னைக்குக் காலைல சொன்னா போதும்' என்றார்.

கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும். எவ்வளவு தேடியும் இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்பில் ஒதுக்கிவைத்துவிட்டு மேற்கொண்டு வேலையைப் பார்ப்போம். தப்பு எங்கே என்று கண்டுபிடித்த பிறகுதான் கடை திறப்பேன் என்று யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அந்தத் தொகை அங்கேயே இருக்கும். மறைக்கவில்லை, தீர்க்கவும் இல்லை. இரண்டு அண்ணன்களும் செய்தது அதைத்தான்.

உங்களுக்கும் இப்படிப் பேசாமல் விட்ட ஒருவர் இருப்பார். இதே ஊரில் இருப்பார். யார் பக்கம் தப்பு என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். அவரிடம் போய், 'இப்ப இன்னா கட்டை?' என்று கேளுங்கள். பதில் வந்தால், அந்தக் கட்டையில் வாசியுங்கள்.