பேரேடு யாருடையது?



சென்ற மாதம் கோயில் அலுவலகத்திற்கு ஒரு துணிக்கடைக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான். பௌர்ணமி அன்னதானத்திற்கு இரண்டு மூட்டை அரிசி தருவதாகச் சொன்னார். பதிலுக்கு, அர்ச்சனைப் பதிவேட்டிலுள்ள பெயர்களையும் கைபேசி எண்களையும் கேட்டார். நட்சத்திரமும் இருந்தால் இன்னும் வசதி, பிறந்தநாளை ஒட்டிப் புடவைச் சலுகை அனுப்பலாம் என்றார். நாங்கள் சற்றுத் திகைத்துப் போனோம்.

வாடிக்கையாளரை அறிந்து வைத்திருப்பது குற்றமா? அப்படிச் சொல்ல நமக்கு வாயில்லை. யாங்கூனின் மொகல் தெருவில் நகரத்தார் கடைகள் நடந்த காலத்தில், அத்தொழிலே அந்த அறிவுதான். யாருக்கு எத்தனை ஏக்கர், யார் சொன்ன தவணையில் கட்டுவார், யார் வீட்டில் கல்யாணம் வருகிறது என்பதெல்லாம் பாதி பேரேட்டிலும் பாதி மேலாளின் தலையிலும் இருந்தன. அது வெள்ளை மனத்தோடு மட்டும் பயன்பட்டது என்றும் சொல்வதற்கில்லை. 1930இல் நெல் விலை சரிந்தது. அவ்வாண்டு கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938க்குள் அது சுமார் 25 பங்காயிற்று. நிலம் வேண்டுமென்று அவர்கள் போகவில்லை, ஈடாக இருந்தது வந்து சேர்ந்தது. ஆயினும் இழந்தவன் இழந்தவனே.

ஒன்று மட்டும் உண்டு. தன்னை அறிந்தவர் யார் என்று அந்த விவசாயிக்குத் தெரியும். கடைப் படியேறி வந்து முகத்தைப் பார்த்துச் சண்டை போடலாம்.

இன்று அது முடியுமா? 2014இல் புதிய தொலைபேசி நிறுவனங்கள் வந்து 1500 சாட்டுக்கு சிம் அட்டை விற்றபோது இந்நாடே மகிழ்ந்தது. அவற்றுள் ஒன்றான நார்வே நாட்டு டெலினார், 2021ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்திற்குப் பின் 2022 மார்ச்சில் தன் தொழிலை விற்றுவிட்டுச் சென்றது. கடையோடு சேர்ந்து சுமார் ஒரு கோடியே எண்பது லட்சம் பேரின் விவரங்களும் கை மாறின. யார் யாரோடு எப்போது பேசினார், எந்தக் கோபுரத்தின் அருகிலிருந்து பேசினார் என்பதும் அதில் அடங்கும். அழித்தால் உரிமத்தை மீறியதாகும், உள்ளூர் ஊழியருக்கு ஆபத்து என்றது நிறுவனம். அதுவும் பொய்யான காரணமல்ல. ஆனால் அந்த ஒரு கோடியே எண்பது லட்சம் பேரை யாரும் கேட்கவில்லை.

நம்பித் தந்ததை அடைக்கலப் பொருள் என்பார்கள் நம் பெரியவர்கள். நகையை அப்படி வைத்துக்கொள்ளத் தெரிந்த நமக்கு, பெயரும் நட்சத்திரமும் அந்தக் கணக்கில் வருமென்று இதுவரை தோன்றவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று அர்ச்சனைக்குக் கொடுத்த பெயர் அது; சுவாமியிடம் சொல்லக் கொடுத்தது.

செயற்குழுவில் எல்லோரும் ஒருமனப்படவில்லை. கூரை ஒழுகுகிறது, இப்படிப் பார்த்தால் கோயில் எப்படி நடக்கும் என்றார் பொருளாளர். அவர் கவலையும் நியாயமே. இருந்தும் பதிவேட்டைத் தருவதில்லை என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டோம். அவர் சலுகைத் தாளை மட்டும் வாசல் பலகையில் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு மூட்டை அரிசி வந்தது.

வெளிநாட்டுக் குடும்பங்களின் பெயர்களும் அதே பதிவேட்டில்தான் உள்ளன. தம் பெயரை எடுத்துவிட விரும்புவோர் எழுதினால் எடுத்துவிடுகிறோம்.