நிலவில் இறங்கும் சரக்குக்கு யார் பொறுப்பு?

நிலவுக்கு அறிவியல் கருவிகளைக் கொண்டுபோகும் வேலையை அமெரிக்காவின் நாசா 2018 முதல் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்து வருகிறது. கலத்தை நாசா வாங்குவதில்லை. தன் கருவிகளைக் கொண்டுபோய் இறக்குவதற்குக் கூலி கொடுக்கிறது. மிச்ச இடத்தைக் கம்பனி வேறு யாருக்கும் விற்கலாம். 2025 மார்ச் 2 அன்று ஃபயர்ஃபிளை கம்பனியின் புளூ கோஸ்ட் நாசாவின் 10 கருவிகளுடன் பத்திரமாக இறங்கியது. அறிவியலுக்கு இது நல்ல ஏற்பாடுதான். சமயக் கேள்வி எழுவது அந்த மிச்ச இடத்தில்.

இந்த ஏற்பாட்டில் 2024 ஜனவரி 8 அன்று புறப்பட்ட பெரெக்ரின் கலத்தில் நாசாவின் கருவிகளோடு, இறந்தவர்களின் சாம்பலும் இருந்தது. ஒவ்வொருவருடைய சாம்பலிலும் ஒரு சிட்டிகை, சிறு குப்பிகளில் அடைக்கப்பட்டிருந்தது. குடும்பத்தார் பணம் கட்டி அனுப்பியவை அவை. நிலவைப் புனிதமாகக் கொள்ளும் அமெரிக்க நவஹோ பழங்குடியினரின் தலைவர் பூ நைகிரென் புறப்பாட்டுக்கு முன்பே எதிர்ப்புத் தெரிவித்தார். லூனார் புரொஸ்பெக்டர் கலம் யூஜின் ஷூமேக்கர் என்ற அறிவியலாளரின் சாம்பலுடன் 1998இல் சென்றபோதும் நவஹோ மக்கள் எதிர்த்திருந்தனர். இனிக் கலந்து பேசுவதாக நாசா அப்போது சொல்லியிருந்தது. இம்முறை, தனியார் ஏற்றும் சரக்கில் தனக்கு அதிகாரம் இல்லை என்றது. எரிபொருள் கசிந்ததால் பெரெக்ரின் நிலவை எட்டாமலே திரும்பி, ஜனவரி 18 அன்று தென் பசிபிக்குக்கு மேலே எரிந்துபோனது. கேள்வி எரிந்துபோகவில்லை.

நிலவு எவருக்கும் வெறும் பாறை மட்டுமல்ல என்பதற்கு நவஹோ நாடு வரை போகத் தேவையில்லை. யாழ்ப்பாணக் கடனீரேரிக் கரையில் உள்ள கத்தோலிக்க மீனவ ஊரான குருநகரில் தொழிலே நிலவோடு நடப்பது. நிலவு காலிக்கும் இரவில் வலை நூல் தண்ணீருக்குள் மீனின் கண்ணில் பட்டுவிடும். இருட்டுக் காலத்தில் வலை நன்றாகப் பிடிக்கும். புனித யாகப்பர் ஆலயத்தில் உயிர்ப்பு ஞாயிறு எந்தத் தேதியில் வரும் என்பதையும் இளவேனில் பறுவமே தீர்மானிக்கிறது. அயலூர்ச் சைவர்கள் இறந்த தந்தைக்கு ஆடி அமாவாசையும் தாய்க்குச் சித்திராப் பறுவமும் பிடிக்கிறார்கள். முஸ்லிம்கள் பிறை பார்த்து நோன்பு தொடங்குகிறார்கள். பௌத்தர்களுக்கு ஒவ்வொரு பூரணையும் போயா. 1966இலிருந்து சில ஆண்டுகள் இலங்கையின் வார விடுமுறையே ஞாயிறு நீங்கிப் போயாவாக இருந்தது.

இறந்தவரின் சாம்பல் பற்றி இவற்றில் கத்தோலிக்கத்துக்கும் சைவத்துக்கும் தெளிவான நிலைப்பாடு உண்டு. தகனம் செய்த சாம்பலைக் காற்றிலோ நிலத்திலோ கடலிலோ தூவக் கூடாது, குடும்பத்தாரிடையே பங்கிடக் கூடாது, நினைவுப் பொருளாக்கக் கூடாது என்று வத்திக்கான் 2016இல் அறிவுறுத்தியது. ஒரு சிட்டிகையைப் பிரித்து நிலவுக்கு அனுப்புவது அந்த நெறிக்கு ஒவ்வாது. கத்தோலிக்கருக்கு இறந்தவர் முழுமையாக உயிர்ப்புக்குக் காத்திருக்கும் இடம் சேமக்காலை. சைவர் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்து அந்தியேட்டி செய்கிறார்கள். சாந்தோக்கிய உபநிடதமோ வேள்வியும் தானமும் செய்தோர் புகை வழியே நிலவை அடைந்து, மழையாகத் திரும்புவதாகச் சொல்கிறது. அங்கே போவது உயிர். உடலின் எச்சத்தை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்ற நினைப்பே அந்த மரபில் இல்லை.

ஆனாலும் ஒரு சமயத்தின் நம்பிக்கை எல்லோருக்கும் சட்டமாக முடியுமா? முடியாது. சாம்பலை அனுப்பும் குடும்பத்தின் துக்கமும் உண்மையானதே. நவஹோ மக்களும் நிலவைத் தங்கள் சொத்து என்று சொல்லவில்லை. தங்களைக் கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். பொதுவான ஒன்றில் எவருக்கும் உள்ள நியாயமான உரிமை அது.

இந்தச் சிந்தனை இலங்கைக்குப் புதிதல்ல. ஆழ்கடல் அடித்தளம் மனித குலத்தின் பொது உடைமை என்ற கொள்கையைச் சட்டமாக்கிய ஐ.நா. கடற்சட்ட மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் இறக்கும் வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. அதே கொள்கையை நிலவுக்கும் விரித்த 1979ஆம் ஆண்டு நிலவு உடன்படிக்கையை இருபதுக்கும் குறைவான நாடுகளே ஏற்றுள்ளன. பொதுச் சொத்தில் ஒருவர் செய்வது அடுத்தவரின் வாழ்வை எப்படித் தொடும் என்பதை இழுவை மடி அடித்தளத்தைச் சுரண்டிய பாக்கு நீரிணைக் கரையோரம் பட்டு அறிந்திருக்கிறது. இழுவை மடி மீன்பிடியைத் தடை செய்யும் சட்டம் இலங்கையில் 2017இல்தான் வந்தது.

சரக்கு தனியாருடையது என்று சொல்லி அரசு விலகிக்கொள்ளவும் இடமில்லை. தன் நாட்டுத் தனியார் விண்வெளியில் செய்வதற்கும் அந்த நாடே பொறுப்பு என்று 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரை சொல்கிறது. அமெரிக்கா அதில் கைச்சாத்திட்ட நாடு. பறப்புக்குக் கூலி கொடுத்து அதைச் சாத்தியமாக்குவதும் அதே அரசு. எனவே கலத்தில் ஏறும் பொருள்களின் முழுப் பட்டியலையும் புறப்பாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே வெளியிடுவதும், மனித எச்சங்கள் இருந்தால் ஆட்சேபம் உள்ளோரை அழைத்துக் கேட்பதும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும்.