எது அந்தக் கார்?

'ஓல்ட் நம்பர் ஒன்' என்று ஒரு பெண்ட்லி பந்தயக் கார். 1929, 1930 இரண்டு வருஷமும் பிரான்சில் லெ மான் பந்தயத்தில் ஜயித்தது. பிறகு பெரிய எஞ்சின் பொருத்தினார்கள். 1932இல் புரூக்லண்ட்ஸில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ மாண்டுபோனார். நொறுங்கியதை மறுபடியும் கட்டினார்கள்.

ஒரு கோடி பவுன் விலை பேசப்பட்ட அந்த வண்டி அசல்தானா என்று 1990இல் லண்டனில் வழக்கு நடந்தது. 1929ஆம் வருஷத்து உறுப்புகள் அநேகமாக எதுவுமே மிஞ்சவில்லை. ஆனாலும் அதன் சரித்திரம் அறுபடவில்லை. ஆகவே அதுவே இது என்றார் நீதிபதி.

நான் நீதிபதியின் கட்சிதான். முப்பது வருஷத்துக்கு முன் கடன் வாங்கியவன், "அந்த உடம்பு இப்போது என்னிடம் இல்லை" என்றால் விடுவோமா? ஆனால் ஒன்று: உறுப்பு மாறியும் வெற்றி இந்த வண்டியைச் சேருமென்றால், டன்ஃபீயின் சாவும் இதையே சேரும். ஒரு கோடி பவுனில் அதற்கு எவ்வளவு கழித்தார்கள்? அல்லது, கூட்டினார்களோ?