மறுக்க முடிகிற இடத்தில்தான் சம்மதம்

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது பெண் பார்க்கும் சடங்கிலிருந்து பஞ்சாயத்து வரை புழங்கும் வழக்கு. ஒருவர் பேசாதிருப்பதை அவர் இசைந்ததாகக் கொள்ளலாமா என்பது அறவியலின் பழைய கேள்வி. வளரிளம் பருவத்தில் அது உடல்நலத்தையும் உயிரையும் தொடுகிறது.

தொல்காப்பியம் ஒத்த அன்பை ஐந்திணையாக வகுத்து, ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று அதற்கு வெளியே நிறுத்துகிறது. கைக்கிளைக்கு அது காட்டும் நிலை கூர்ந்து பார்க்கத்தக்கது. காமத்துக்குரிய பருவம் எய்தாத சிறுபெண்ணிடம் ஒருவன் பேசிக்கொண்டே இருக்கிறான். அவளிடமிருந்து மறுமொழி இல்லை. தன் பேச்சிலேயே அவன் இன்பம் காண்கிறான். அவள் மௌனத்தை அந்நூல் இசைவாக எண்ணவில்லை. மறுக்கும் பெண்ணைத் துரத்துவதையே காதலாகக் காட்டிய திரைப்படங்கள் இந்த வரம்பை அழித்தது பெரிய இழப்பு.

சட்டம் இந்தத் தெளிவுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. மதுரா என்ற பழங்குடிச் சிறுமியின் பாலியல் வன்கொடுமை வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம், அவர் உடலில் எதிர்த்துப் போராடிய காயம் இல்லை என்பதையும் காரணமாக்கிக் காவலர்களை விடுவித்தது. உடலால் எதிர்க்காதது மட்டுமே சம்மதம் ஆகாது என்று சட்டத்தில் எழுதப்பட்டது 2013இல்தான். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிரம்பாதவரின் சம்மதத்தைக் கணக்கில் கொள்வதே இல்லை.

திண்டுக்கல் சமவெளியில் இக்கேள்வியோடு கூலியும் சாதியும் சேர்ந்துகொள்கின்றன. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் பல, பதின்ம வயதுப் பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கின. 3 ஆண்டு முடித்தால் மொத்தமாக ஒரு தொகை. இடையில் விலகினால் அது கிடைக்காது. கல்யாணச் செலவுக்கு அந்தப் பணத்தை வீடு நம்பியிருக்கும்போது, சூப்பர்வைசர் தொந்தரவு தருகிறார் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? அவளுடைய பேசாமையைச் சம்மதம் என்பவர் அச்சத்துக்குத் தவறான பெயர் வைக்கிறார்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட்டார். அங்கே சூப்பர்வைசராக இருந்தவர் கைதானார். அதையடுத்து 2022 ஏப்ரலில், அந்த ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியனும் ‘திண்டுக்கல் ஒப்பந்தத்தில்’ கையெழுத்திட்டன. எச் அண்டு எம் உள்ளிட்ட பன்னாட்டு நிறுவனங்களும் தனி உடன்படிக்கைகள் வழியே இதில் இணைந்தன. புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை, சார்பற்ற விசாரணை, தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் ஆகியவை இதன் கூறுகளாக இருந்தன. ‘முடியாது’ என்றால் என்ன போகும் என்பதுதான் சம்மதத்தின் உரைகல். வேலையும் விடுதியும் மானமும் போகுமென்றால் ‘சரி’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. ஒப்பந்தம் மாற்றியது அந்த விலையைத்தான்.

ஒப்பந்தத்தோடு கல்வியும் வேண்டும். 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கானது. பாலின வன்முறைத் தடுப்பும் அதன் 6 நோக்கங்களுள் அடங்கும். அத்திட்டத்தின் கல்வி பெண்ணை எச்சரிப்பதோடு நின்றால் அது அரைப் பாடம். மறுப்பைக் கேட்டு விலகிப்போக ஆணும், புகாரைக் கேட்டுப் பெண்ணைக் குறை சொல்லாதிருக்கப் பெற்றோரும் பழக வேண்டும். பள்ளியை விட்டு ஆலைக்குப் போன 16 வயதுப் பெண்ணைப் பள்ளிப் பாடம் எட்டாது. அவளுக்கான வகுப்பு வேலை நேரத்திலேயே, கூலி பிடிக்காமல் நடத்தப்பட வேண்டும்.